சுவரில் எழுதிவிட்டுப் போன தேதி

போன தை மாதம் அக்கா பேத்தி பெரியவளானதற்குச் சீர் செய்தோம். சேலத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் அவள் படம் போட்ட பெரிய ஃபிளெக்ஸ். தாய்மாமன் கொண்டுவந்த தட்டுகள் மேடை முழுக்க வரிசையாக இருந்தன. பத்து வயது நான்கு மாதம் ஆன பிள்ளை, பட்டுப் பாவாடைக்குள் காலை ஆட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒட்டியாணம் அந்த இடுப்பில் நிற்கவில்லை. பின்னால் ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தார்கள்.

பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் அவள் அம்மா, அதாவது என் அக்கா மகள், என்னை ஓரமாக இழுத்துப் போனாள்.

“சித்தி, எனக்குப் பதிமூணு. அம்மா பதினஞ்சுன்னு சொல்வாங்க. இவளுக்குப் பத்துலயே ஆயிருச்சு. சீக்கிரம் ஆனா பின்னாடி நல்லதில்லைன்னு எங்கயோ படிச்சேன். அம்மாவுக்கு வந்த மார்புப் புற்று இவளுக்கும் வருமா?”

சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் 32 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். மலைக் கிராமங்களில் இன்னும் என்னை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. “ஆளுங்க காத்திருக்காங்க, அப்புறம் பேசலாம் சாமி” என்று சொல்லிவிட்டு இலை போடப் போய்விட்டேன். அந்த ‘அப்புறம்’தான் இது. புள்ளியியல் படித்த என் மகள் ஒவ்வொரு ஆய்வாக எடுத்துக் கொடுத்து, புரியாததை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான்கு மாதம் ஆனது.

அக்காவுக்குக் கட்டி தெரிந்தது 2007ல். அப்போது அவளுக்கு 47 வயது. குளிக்கும்போது கையில் நெல்லிக்காய் போலத் தட்டுப்பட்டது என்றாள். வலி இல்லை. வலி இல்லாததால் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மார்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த நான், கூடப் பிறந்தவளிடம் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. கூச்சம் என்று சொல்வதா, நம் வீட்டுக்கு வராது என்ற நினைப்பு என்று சொல்வதா, தெரியவில்லை.

முதல் நாள் பார்த்த புற்றுநோய் மருத்துவர் பொறுமையான மனிதர். கட்டியைப் பார்ப்பதற்கு முன்பே கேள்விகளாகக் கேட்டார். எத்தனை வயதில் பெரியவளானீர்கள்? முதல் குழந்தை எத்தனை வயதில்? எவ்வளவு நாள் பால் கொடுத்தீர்கள்? வீட்டில் வேறு யாருக்காவது? அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினைந்து. இருபத்திரண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றரை வருடத்துக்குக் குறையாமல். வீட்டில் யாருக்கும் இல்லை. அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அக்கா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. “எல்லாம் சரியாத்தானே செஞ்சிருக்கேன். அப்புறம் நான் என்ன தப்பு பண்ணேன்?”

ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஐந்து வருடம் நன்றாக இருந்தாள். பிறகு எலும்பில் வந்தது. 2013ல் போய்விட்டாள். அவளைப் பார்க்க வந்தவர்களில் சிலர் “புள்ளைங்களுக்குப் பால் கொடுக்கலையா?” என்று கேட்டார்கள். அவள் காதுபடவே கேட்டார்கள். கொடுத்தாள் என்று நான் சொல்வேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அந்தக் கேள்வி அவளை எவ்வளவு நோகடித்தது என்று எனக்குத் தெரியும். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2002ல் வந்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு பெண் மொத்தத்தில் பன்னிரண்டு மாதம் பால் கொடுத்தால் மார்புப் புற்றின் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது என்கிறது அது. கூட்டத்தை எடுத்துப் பார்த்தால் நல்ல செய்தி. ஆனால் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நோயாளியின் கட்டிலருகில் நின்று குற்றம் விசாரிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

மருத்துவர் ஏன் அந்தக் கேள்விகளைக் கேட்டார்? அவை பழைய கேள்விகள். 1926லேயே இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் மருத்துவர், மார்புப் புற்று வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் எடுத்துக்கொண்டு, கல்யாணம் எப்போது, பிள்ளைகள் எத்தனை, பால் கொடுத்தீர்களா என்று கேட்டு ஒப்பிட்டிருக்கிறார். இன்று மருத்துவர் கையில் இருக்கும் படிவம் அந்தக் கேள்வித்தாளின் பேத்தி என்று சொல்லலாம். முதல் மாதவிடாய் பற்றி 2012ல் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. நோய் வந்த 1,18,964 பெண்களின் விவரம் அதில் இருக்கிறது. ஒரு வருடம் முன்கூட்டியே பெரியவளானால் பிற்காலத்தில் நோய்க்கான வாய்ப்பு 5 சதவீதம் கூடுகிறது. அக்கா மகள் படித்தது இதைத்தான்.

இந்த 5 சதவீதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இது நூற்றில் ஐந்து பேருக்கு வரும் என்று அர்த்தமல்ல. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு பத்து ரூபாய் என்றால் அது பத்தரை ரூபாய் ஆகிறது, அவ்வளவுதான். பயப்பட வேண்டிய அளவு இல்லை. ஆனால் பத்து வயதில் ஒரு பெண்ணின் உடம்பில் நடந்த ஒன்று ஐம்பது வயதில் வரும் நோயைத் தொட்டுப் பார்க்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

பெண் குழந்தை பிறக்கும்போது மார்புக்குள் இருப்பது சில கிளை விட்ட சின்னக் குருத்துதான். பருவம் தொடங்கும்போது அந்தப் பால்குழாய்களின் நுனியில் மொட்டுகள் உண்டாகி, கொழுப்புக்குள் துளைத்துக்கொண்டு கிளை பிரிந்து ஓடுகின்றன. செல்கள் வேகமாகப் பெருகும் காலம் அது. ஒரு குழந்தையை நிறைமாதம் சுமந்து பெறும்போதுதான் அவை முழுதாக முதிர்கின்றன. அமெரிக்காவில் ருஸ்ஸோ என்ற தம்பதி, ஹோசேயும் இர்மாவும், இதை எலிகளை வைத்து விளக்கிக் காட்டினார்கள். ஒரே நச்சை இளம் எலிக்குக் கொடுத்தால் மார்பில் கட்டிகள் வருகின்றன. ஒருமுறை குட்டி போட்ட எலிக்குக் கொடுத்தால் அவ்வளவாக வருவதில்லை.

ஏற்காட்டில் காப்பி நாற்றங்காலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். விதை முளைத்து இரண்டு இலை விட்ட நாற்றுக்கு மேலே பந்தல் போட்டு, நிழலை அளந்து கொடுப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு வாரம் கடும் வெயில் பட்டால் பாத்தியே போய்விடும். நாலு வருடச் செடி அதே வெயிலைத் தாங்கிக்கொண்டு காய்க்கும். வெயில் ஒன்றுதான். படுகிற பருவம்தான் வேறு.

மனிதர்களில் இதற்கு இருக்கும் சாட்சி கொடூரமானது. ஹிரோஷிமா, நாகசாகியில் 1945ல் கதிர்வீச்சுப் பட்டவர்களை 1950லிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். குண்டு விழுந்தபோது இருபது வயதுக்குள் இருந்த பெண்களுக்குத்தான் பிற்காலத்தில் மார்புப் புற்று அதிகமாக வந்தது. நாற்பதைத் தாண்டியிருந்தவர்களுக்குக் கூடுதல் மிகக் குறைவு. அந்தச் சிறுமிகளுக்கும் உடனே வரவில்லை. வழக்கமாகப் பெண்களுக்கு அந்த நோய் வருகிற வயது வரும்வரை அது காத்திருந்தது.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு எங்கள் அம்மா வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது.

நாங்கள் பிறந்து வளர்ந்தது மலை அடிவாரத்தில், டேனிஷ்பேட்டைப் பக்கம். அக்கா பிறந்தது 1960, நான் 1964. வருடத்தில் இரண்டு முறை ‘மலேரியாக்காரர்கள்’ வருவார்கள். காக்கி உடை, தோளில் பம்பு, வாளியில் கரைத்த வெள்ளை மருந்து. அம்மா பானை சட்டியை எல்லாம் வாசலுக்குக் கொண்டுவந்து வைப்பாள். அவர்கள் சுவர், கூரை, கட்டிலுக்கு அடி என்று ஒரு இடம் விடாமல் டிடிடி என்ற அந்தப் பூச்சிமருந்தை அடிப்பார்கள். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் படலம் காயும். கரப்பான்கள் மல்லாந்து கிடக்கும், கோழிகள் அதைப் பொறுக்கித் தின்னாமல் விரட்டுவது எங்கள் வேலை. போகும்போது வாசல் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். சர்க்கார் எழுதினது, அழிக்கக்கூடாது என்பாள் அம்மா. நானும் அக்காவும் அந்தச் சுவரில் சாய்ந்துதான் படித்தோம். விரலால் வெள்ளையைச் சுரண்டிப் படம் போடுவோம்.

அந்தச் சர்க்கார் ஆட்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1947ல் இந்த நாட்டில் வருடத்துக்கு 7.5 கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் பாட்டியின் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் குளிர்காய்ச்சலில்தான் போனார்கள். 1953ல் தேசிய மலேரியாத் திட்டம் வந்தது. 1960களின் நடுவில் நோயாளிகள் ஒரு லட்சம் என்ற அளவுக்கு இறங்கினார்கள். நானும் அக்காவும் பிழைத்து வளர்ந்ததில் அந்த வெள்ளைச் சுவருக்கும் பங்கு உண்டு.

ஆனால் அக்காவுக்குக் கட்டி தெரிந்த அதே 2007ல்தான் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்திருக்கிறது. ஓக்லாந்து பகுதியில் 1959லிருந்து 1967வரை கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்கள் கொடுத்த ரத்தத்தை உறைநிலையில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் டிடிடி அங்கே எங்கும் புழங்கியது. நாற்பது வருடம் கழித்து பார்பரா கோன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் அந்த ரத்தத்தை எடுத்து, ஐம்பது வயதுக்குள் மார்புப் புற்று வந்த 129 பெண்களையும் வராத 129 பெண்களையும் ஒப்பிட்டார்கள். 1945ல் டிடிடி பரவலாகப் புழக்கத்துக்கு வந்தபோது பதினான்கு வயதுக்குள் இருந்த பெண்களில், ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. அப்போதே வயது வந்திருந்த பெண்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. 2015ல் அதே குழு அடுத்த தலைமுறையைப் பார்த்தது. கர்ப்பத்தின்போது தாயின் ரத்தத்தில் டிடிடியின் ஒரு வகை அதிகம் இருந்தால், வயிற்றில் இருந்த மகளுக்குப் பின்னாளில் நோய் வாய்ப்பு நாலு மடங்கை நெருங்கியது.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம் உண்டு. இதற்கு முன்பே நியூயார்க் பக்கம் லாங் ஐலேண்டில் பெரிதாக ஒரு ஆய்வு நடத்தி, 2002ல் டிடிடிக்கும் மார்புப் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நோய் வந்த பிறகு, நடுத்தர வயதுப் பெண்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ரத்தத்துக்கு, எட்டு வயதில் அவள் எந்தச் சுவரில் சாய்ந்து படித்தாள் என்பது எப்படித் தெரியும்? அப்போதே எடுத்து வைத்தவர்களிடம்தான் பதிலில் ஒரு துண்டு இருந்தது.

என் அக்காவுக்கு டிடிடியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் அதே சுவரில் சாய்ந்த எனக்கு வரவில்லை. தனி ஒருத்தியைக் காட்டி இதனால்தான் என்று சொல்ல எந்த ஆய்வாலும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ல் டிடிடியை ‘அநேகமாகப் புற்று உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில்தான் வைத்தது. மலையில் காப்பித் தண்டுத் துளைப்பானுக்கு அடித்த லிண்டேனை அதே ஆண்டு ‘புற்று உண்டாக்குவது’ என்ற வகையில் வைத்தது. அது வேறு புற்றுக்காக, ரத்த வெள்ளணுக்கள் சம்பந்தப்பட்டது. நம் நாட்டில் விவசாயத்துக்கு டிடிடி 1989ல் தடை செய்யப்பட்டது. கொசு ஒழிப்புக்கு அதன் பிறகும் அடித்தார்கள். நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் சுவரில் எழுதின அந்தத் தேதிகளை யாராவது ஒரு நோட்டில் எழுதி, அந்த வீட்டில் எத்தனை வயதில் எத்தனை பெண் பிள்ளைகள் என்றும் பக்கத்தில் குறித்து வைத்திருந்தால்? ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்தோம். தேதி போய்விட்டது.

எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. அதனால்தான் இது எனக்கு இவ்வளவு உறுத்துகிறது.

மலை வேலையில் பாதி நடை, மீதி எழுத்து. எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்கும் நடந்தே போவேன். பையில் தடுப்பூசிப் பெட்டி, ரிஜிஸ்டர், கொக்கித் தராசு. சில்வர் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளையில் தராசை மாட்டி, துணித் தொட்டிலில் பிள்ளையைப் போட்டு எடை பார்ப்பேன். பிறந்த எடை 2 கிலோ 300. ஆறாம் மாதம் 5 கிலோ 900. முதல் வயதில் இவ்வளவு. மிளகுக் கொடிக்கடியில் உட்கார்ந்து எழுதுவேன். மார்ச் மழைக்குப் பிறகு காப்பி பூத்திருக்கும்போது அந்த ரிஜிஸ்டருக்குக்கூட வாசனை ஒட்டிக்கொள்ளும். என் கையெழுத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இருந்தார்கள். அதில் பாதிக்குப் பாதி பெண் பிள்ளைகள். பெண் பிள்ளை பிறந்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதே ஒரு வேலையாக இருந்த மாவட்டம் இது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல் சேலத்தில்தான் தொடங்கியது. அதனால் ஒரு பெண் குழந்தையின் எடையை ஒவ்வொரு மாதமும் எழுதுவது எனக்கு வெறும் கணக்கு இல்லை. இவள் இருக்கிறாள் என்று எழுதுவது.

ஒரு வருடம் நான் மாற்றலாகிப் போயிருந்த நேரம், பழைய கட்டடத்தைச் சரி செய்ய எல்லாச் சாமான்களையும் வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐப்பசி மழை. நனைந்த ரிஜிஸ்டர்களைப் பழைய பேப்பர்காரர் கிலோக் கணக்கில் எடுத்துப் போய்விட்டார். அப்போது நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மேலே அனுப்ப வேண்டிய மாதாந்திர அறிக்கை எல்லாம் போய்விட்டதே, இனி இது எதற்கு என்றுதான் நினைத்தேன்.

எதற்கு என்று இப்போது தெரிகிறது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற பெண்மணி தலைமைச் சுகாதாரப் பார்வையாளராக இருந்தார். 1911லிருந்து அவருடைய செவிலியர்கள் வீடு வீடாகப் போய், பிறந்த எடை, ஒரு வயது எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்று பேரேட்டில் எழுதினார்கள். என் வேலையேதான். அந்தப் பேரேடுகள் தப்பித்தன. டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் குழு அவற்றைக் கண்டெடுத்து, 1930க்குள் பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்து 1989ல் வெளியிட்டது. பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்கள்தான் இதய நோயில் அதிகம் இறந்திருந்தார்கள். நடுத்தர வயது நோயின் வேர் தொட்டிலில் இருக்கலாம் என்று உலகம் பேச ஆரம்பித்ததில் அந்தச் செவிலியர்களின் பேனாவுக்குப் பங்கு உண்டு. இதைப் படித்தபோது நான் அழுதுவிட்டேன். மகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

செவிலியர்கள் சம்பந்தப்பட்ட இன்னொன்று. அமெரிக்காவில் 1989ல் தொடங்கிய ஒரு ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் தங்களைப் பற்றிய விவரங்களை எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிப் பருவத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்றும் பின்னால் அவர்களிடம் கேட்டார்கள். அந்த வயதில் காய், பழம், தானியம் என்று நார்ச்சத்து நிறையச் சாப்பிட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மார்புப் புற்று குறைவாக இருந்தது என்று 2016ல் எழுதினார்கள். முதல் மாதவிடாய்க்கும் முதல் கர்ப்பத்துக்கும் இடையில் மது குடித்தவர்களுக்கு வாய்ப்பு கூடியது என்பதும் அதே செவிலியர்களிடமிருந்துதான் தெரியவந்தது. குழப்பமான விஷயமும் அதில் உண்டு. சின்ன வயதில் பூசினாற்போல இருந்தவர்களுக்கு நோய் குறைவு. ஆனால் உடல் பருமன் இருந்தால் சீக்கிரம் பெரியவளாவதும் உண்மை. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பது இன்னும் முழுதாகத் தெளியவில்லை. ஆகவே யாராவது ஒரு பெண் பிள்ளையின் உடம்பைக் காட்டி ‘குண்டா இருக்கா, புற்று வரும்’ என்று சொன்னால் அது தப்பு.

பெரியவர்களின் ஞாபகத்தை நம்பாமல் சிறுமிகளையே சேர்த்துக்கொண்டு கூடவே நடந்த ஆய்வுகள் பிறகு வந்தன. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம், சின்சினாட்டி, சான் ஃபிரான்சிஸ்கோ பகுதி ஆகிய மூன்று இடங்களில் ஆறிலிருந்து எட்டு வயதுக்குட்பட்ட 1,239 சிறுமிகளை 2004லிருந்து சேர்த்தார்கள். ஏழு வயதிலேயே மார்பு வளர்ச்சி தொடங்கியிருந்தவர்கள் வெள்ளையரில் 10 சதவீதம், கறுப்பினத்தவரில் 23 சதவீதம் என்று 2010ல் எழுதினார்கள். பிறகு 2011ல் ‘லெகசி’ என்ற பெயரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐந்து இடங்களில் ஆறிலிருந்து பதின்மூன்று வயதுக்குட்பட்ட 1,040 சிறுமிகள் சேர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் குடும்பத்தில் மார்புப் புற்று உள்ளவர்கள். எங்கள் பேத்தியைப் போன்றவர்கள். உயரம், எடை, மார்பு வளர்ச்சி, எச்சில், சிறுநீர் என்று வருடக்கணக்கில் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் வருமா வராதா என்பது தெரிய இன்னும் முப்பது, நாற்பது வருடம் ஆகும். தொடங்கிவைத்த ஆய்வாளர்களில் பலர் அதைப் பார்க்க இருக்க மாட்டார்கள். தென்னை வைக்கிற மனசு அது.

அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது. இந்தப் பிள்ளைகள் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். குடும்பத்தில் புற்று பார்த்த சிறுமிகள், மற்றச் சிறுமிகளைவிட அதிகச் சோர்வோடோ பதற்றத்தோடோ இல்லை. ஆனால் மார்புப் புற்று என்ற அந்த ஒன்றைப் பற்றிய பயம் மட்டும் அவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. நாம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்துச் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசுகிறோம். அவர்களுக்குத் தெரிகிறது.

சித்திரை விடுமுறையில் அக்கா மகளும் பேத்தியும் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தார்கள். மாடியில் நின்றால் மலை தெரியும். ராத்திரியில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வெளிச்சம் ஏறுவதைப் பேத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரிலேயே அவள் அம்மாவிடம் பதில் சொன்னேன்.

பத்து வயதில் ஆனது மட்டுமே பெரிய ஆபத்து இல்லை. மார்புப் புற்றில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான் குடும்பவழி மரபணுக் கோளாறால் வருவது. மீதியில் பல காரணங்கள் சேர்ந்திருக்கும், அதில் பல நம் கையில் இல்லை. இவளுக்கு இப்போது பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஓடி விளையாடட்டும், சைக்கிள் விடட்டும். ராகிக்களியும் கீரையும் பயறும் சாப்பிடட்டும். பெரியவளாகிவிட்டாள் என்று வீட்டில் உட்காரவைக்காதே. “பார்க்க வேண்டியது நீ. உனக்கு நாப்பது முடிஞ்சிருச்சு. அம்மாவுக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, முப்பத்தேழுலயே மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பாக்கற மாமோகிராம் தொடங்கியிருக்கணும். அதை உனக்குச் சொல்லாதது என் தப்பு.”

அப்புறம் சீரில் வந்த மொய் நோட்டைக் கேட்டு வாங்கினேன். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று ஊர், பேர், தொகை எல்லாம் துல்லியமாக எழுதியிருந்தது. அக்கா கல்யாணத்துக்குப் பின் வந்த ஒவ்வொரு மொய்யும்கூட எங்கள் வீட்டில் நோட்டாக இருக்கிறது. பாட்டி எதனால் செத்தாள் என்பது எந்த நோட்டிலும் இல்லை. நோட்டின் பின்பக்கத்தில் மீதியிருந்த தாள்களில் கோடு போட்டேன். பெயர், பிறந்த வருடம், பெரியவளான வயது, பிள்ளைகள், என்ன நோய், எத்தனை வயதில். அம்மா பக்கம், அப்பா பக்கம் இரண்டும். மரபணு அப்பா வழியாகவும் வரும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அக்காவுக்கு எழுதினேன். அம்மாவுக்கு எழுதினேன். அம்மா சர்க்கரையில் போனாள், 71 வயது. பாட்டிக்கு ‘வயிற்று வலி’ என்று எழுதினேன். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். வருடம் தெரியாததால் அம்மாவின் கடைசித் தங்கைக்குப் போன் போட்டேன். சின்னம்மாவுக்கு வயது 86, ஞாபகம் தெளிவாக இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

“வயித்து வலியா? ஆரு சொன்னா?” என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. “மார்ல புண்ணு, சாமி. கல்லு மாதிரி இருந்து ஒடைஞ்சுது. வேப்பெலையும் மஞ்சளும் அரைச்சு நாந்தான் போடுவேன். வெளிய சொல்லக்கூடாது, பொட்டப்புள்ளைங்கள ஆரு கட்டுவான்னு உங்க தாத்தன் சொல்லிட்டாரு. உங்கம்மாவுக்குக் கல்யாணமாகி உங்கக்கா கைக்கொழந்த. எங்கம்மாவுக்கு அப்ப அம்பதுகூட இருக்காது.”

‘வீட்டில் யாருக்கும் இல்லை’ என்று அக்கா மருத்துவரிடம் சொன்னாள். எனக்குத் தெரிந்தும் அதுதான் உண்மை. அன்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவளிடம் கேட்க இப்போது வழியில்லை.

அக்கா மகள் எழுந்து மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, மரபணு ஆலோசனைக்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் எப்படி நேரம் வாங்குவது என்று கேட்டாள். சோதனை அவளுக்குத்தான். பிள்ளைக்கு இல்லை. அவள் பெரியவளாகி அவளே முடிவு செய்ய வேண்டியது அது.

நான் ‘வயிற்று வலி’யை அடித்துவிட்டு எழுதப் போனேன். பேத்தி பேனாவைக் கேட்டாள். பாட்டியின் பாட்டி பெயருக்கு நேராக ‘மார்புப் புற்று, 48 அல்லது 49’ என்று நான் சொல்லச் சொல்ல எழுதினாள். கடைசிக் கோட்டில் தன் பெயரை எழுதி, பிறந்த வருடம் 2014, பெரியவளான வயது 10 என்று போட்டாள். என்ன நோய் என்ற இடத்தைக் காட்டி, “இங்க என்ன அம்மாயி எழுதறது?” என்றாள்.

“அதைச் சும்மா விடு. உயரம் எழுது.”

கதவு நிலையில் அவளை நிறுத்தி அளந்தோம். 138 சென்டிமீட்டர். பக்கத்தில் தேதியும் போட்டாள்.